அந்தப் பாட்டில் நான் இல்லை

என் மகன் பாடிய பாட்டில் இருப்பது நான் இல்லை என்று முதல் தடவை கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பாட்டுக்காகத் தெருவே என்னைப் பாராட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை.

மதுரையில் கல்லூரியில் படிக்கும்போது கூட்டாளிகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அவன் ஒரு ராக் குழு ஆரம்பித்தான். இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ். பாடுவது இவன். பாடுவது என்ன பாடுவது, தொண்டை கிழியக் கத்துவது. காதல், பிரிவு என்று கத்திக்கொண்டிருந்தவன், போன பங்குனியில் பஞ்சாலைத் தொழிலாளிகள் படுகிற பாட்டைப் பாட்டாக்கி இணையத்தில் ஏற்றினான். மூன்றே நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வளவில் இருக்கிற ஏழு வீட்டுப் போனிலும் அதுதான் ஓடியது.

"அறுந்த நூல ஒட்டச் சொன்ன, ஒடிஞ்ச இடுப்ப யாரு ஒட்ட?" என்று எடுத்த எடுப்பிலேயே முதலாளியைப் பார்த்துக் கேட்கிற பாட்டு. அந்த இடம் வந்ததும் டிரம்ஸ்காரன் நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின் ஓடுவது போலவே அடிப்பான். எனக்குக் கால் தானாக எழுந்து நடக்கப் பார்த்தது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் பதினான்கு வருஷம் அந்த மெஷினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து, அறுந்த நூலை ஒட்டினவள் நான்.

மகன் பாடிவிட்டான் என்று நெஞ்சு நிறைந்தது. இரண்டாவது சரணம் வருகிற வரைக்கும்தான்.

"தலையெல்லாம் பஞ்சு பூத்து
வாசல்ல வந்து உக்காருவா அம்மா,
உப்புத் தண்ணியில கால முக்கி
ஒண்ணு விடாமச் சொல்லுவா அம்மா."

நான் ஒரு நாளும் தலையில் பஞ்சோடு வீட்டுக்கு வந்ததில்லை. வாசலில் உட்கார்ந்ததில்லை. ஈயச் சட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்தவள் பக்கத்து வீட்டுக்காரி. என்னோடு அதே மில்லில், அதே ஷிப்டில், அடுத்த மெஷினில் நின்றவள். பாட்டில் அம்மா, அம்மா என்று என் பிள்ளை உருகுவது அவளை நினைத்து.

வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்ல?

தலையில் பஞ்சோடு நான் வராததற்குக் காரணம் இருக்கிறது. மில்லில் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் அப்படித்தான் வந்தேன். மகனுக்கு அப்போது மூன்று வயது. தலை, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளையாக நின்றவளைப் பார்த்து வீறிட்டு அலறினான். கையை நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொண்டான். குளித்துவிட்டு வந்த பிறகும் செத்த நேரம் கிட்டே வரவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், என் பிள்ளை அந்த மில்லை என் மேல் பார்க்கக் கூடாது என்று.

ஷிப்ட் முடிந்ததும் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். நான் காற்றுக் குழாயைப் பிடித்து உடம்பெல்லாம் ஊதிக்கொள்வேன். கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் முகம் கழுவி, பேன் சீப்பால் தலையை வாரி, பையில் இருக்கிற வேறு சேலையைக் கட்டிக்கொண்டு வருவேன். பக்கத்து வீட்டுக்காரி பஸ்ஸில் இருந்தே கத்துவாள்.

"ஏட்டி, ஒன்னையப் பொண்ணு பாக்கவா வாராக? டிரைவர் வண்டிய எடுக்கப் போறாரு."

அப்படி ஓடி வந்தாலும் சன்னல் ஓரத்து இடத்தை நான் விட்டதில்லை. இடது பக்க வரிசையில் சன்னல் எனக்கு, அவள் எனக்கு வலப்பக்கம். அடித்துப் பிடித்து வாங்கிய இடம் என்று எனக்கு அதில் ஒரு பெருமை.

வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்பான், "எம்மா, மில்லு எப்படி இருக்கும்?" நான் சொல்வேன், "எனக்கு என்னய்யா, உள்ள ஏசி போட்டாப்ல குளுகுளுன்னு இருக்கும்." நூல் அறுந்துவிடக் கூடாது என்று உள்ளே தண்ணீரைப் புகையாக அடிப்பார்கள். அந்த ஈரப் புழுக்கத்துக்குத்தான் நான் ஏசி என்று பேர் வைத்தேன். அதே நேரத்தில் அவள் வாசலில் சட்டியில் காலை வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் ஏசியது, விரல் கிழிந்தது, மூத்திரத்துக்குப் போகப் பத்து நிமிஷம் கெஞ்சியது, எல்லாவற்றையும் வளவுக்கே ஒப்பிப்பாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கும். அதில் என் பிள்ளைதான் முதல் ஆள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அவள் அழுதாள், பாட்டை வாங்கிக்கொண்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அது தன்னைப் பற்றியது என்று அவளுக்கே தெரியவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு கண் கலங்க வந்து நின்றாள்.

"பெத்தா இப்பிடி ஒரு பிள்ளையப் பெறணும்ட்டி. எனக்கும் ஒண்ணு இருக்கே, திருப்பூர்ல. மாசத்துக்கு ஒரு போனு. ஒன்னையப் பாட்டாவே பாடிட்டான் பாரு."

என் மேல் அவளுக்குப் பொறாமை. அது அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, 'அது நீதாம்ட்டி.' சொன்னால் அந்தப் பாட்டு என் வாசலைத் தாண்டி அவள் வாசலுக்குப் போய்விடும்.

"ஆமா, சின்னதுல பாத்ததெல்லாம் மனசுல வச்சிருக்கான்" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை. திருடினவள் நான், கோபமும் எனக்குத்தான். மீன் குழம்பு வைத்தால் கிண்ணத்தில் கொடுத்துவிடுகிற பழக்கம் நின்றது. "பாட்டைப் பெரிசா வையேன், கேப்போம்" என்று அவள் வந்தால், போனில் சார்ஜ் இல்லை என்றேன். அவள் நடக்கும்போது காலைப் பார்ப்பேன். வெடித்துப்போன குதிகால். என் குதிகாலும் அப்படித்தான். என்னுடையது ஏன் பாட்டுக்கு ஆகவில்லை?

சித்திரையில் ராஜபாளையத்தில் தொழிலாளர் தினத்துக்கு தொழிற்சங்கத்துக்காரர்கள் கூட்டம் போட்டு, மகனின் குழுவைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். அவளும் வருவேன் என்றாள். எப்படி வேண்டாம் என்று சொல்ல? பஸ்ஸில் வழக்கம்போல நான் சன்னல் ஓரம் போய் உட்கார்ந்தேன். மைதானத்தில் முன்வரிசையில் அவள் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாலு பாட்டு முடிந்ததும் மகன் மைக்கைப் பிடித்தான்.

"அடுத்த பாட்டு எங்க வளவுல இருக்கிற ஒரு அத்தையைப் பத்தினது. மில்லுன்னா என்னன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது அவங்கதான். பாட்டுல அம்மான்னு வரும். பெத்தாத்தான் அம்மாவா? இன்னைக்கு இங்க வந்திருக்காங்க."

கூட்டம் கைதட்டியது. என் பக்கத்தில் இவளும் தட்டினாள். தட்டிக்கொண்டே, யார் அந்த அத்தை என்று பின்னால் திரும்பித் தேடினாள். எங்கள் வளவில் மில்லுக்குப் போன அத்தை அவளை விட்டால் வேறு யார்? அது மண்டையில் ஏற அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மகன் கையைக் காட்டிக் கூப்பிட, எழுந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். நான் கை வலிக்கத் தட்டினேன். அப்படித் தட்டினால்தான் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

திரும்பும்போது பஸ் மம்சாபுரம் விலக்கைத் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும்."

"எப்போருந்து?"

"மொத நாளே."

அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி மனசை ஆற்றியிருப்பேன். "எம்புட்டு நாளா எம் பாட்ட வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்க" என்று மட்டும் சொன்னாள். கோபமா, கேலியா என்று தெரியாத குரல்.

ராத்திரியே வீட்டுக்கு வந்துவிட்ட மகன் மறுநாள் காலையில் தோசை தின்றுகொண்டிருந்தான். நான் தோசைக் கரண்டியோடு போய் நின்றேன்.

"ஏலே, நானுந்தானல மில்லுக்குப் போனேன்."

நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் நிஜமான குழப்பம்.

"நீ ஒண்ணும் சொன்னதே இல்லையேம்மா. எப்பக் கேட்டாலும் ஏசிம்ப. ஒன்ன வச்சு நான் என்னத்த எழுத? கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்ட. மில்லுல இருந்து வந்தா அம்மாவுக்கு நம்ம மேல வெறுப்புன்னுதான் சின்னப் பிள்ளையில நெனப்பேன்."

அந்தக் குறை எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டு, பையை எறிந்துவிட்டு அத்தை வாசலுக்குப் போய்விடுவான். வேலையாக இருந்தேன் என்று சமாளிப்பேன்.

அவன் கையைக் கழுவிவிட்டு வந்தான். போனில் ரெக்கார்டை அமுக்கி முன்னால் வைத்துவிட்டு, என் இடது பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்பச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. எழுதுதேன்."

இதற்குத்தானே இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன்.

"எனக்கு என்னய்யா. நல்லாத்தான் இருந்தேன்."

அதுதான் வந்தது. பதினான்கு வருஷம் ஒரே பொய்யைச் சொன்ன வாய்க்கு வேறு வழி தெரியவில்லை. அவன் ஏதோ கேட்டான். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் கேட்டிருப்பான் போல.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். என்றைக்கோ வாங்கிப்போன மாவுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். எம்புட்டு நேரமாக நின்றாளோ.

"அவ வாயில இருந்து வராதுல. நான் சொல்லுதேன், எழுதிக்கோ. மொதல்ல நீ எந்திரிச்சு இந்தப் பக்கமா வந்து உக்காரு. ஒங்கம்மைக்கு அந்தக் காது கேக்காது."

மகன் அசையவில்லை. காது போனதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூடப் போனதில்லை.

"மெஷினு சத்தத்துல போன காது. நீ ரெண்டாப்பு படிக்கும்போதே போயிருச்சு. பஸ்ல இவ சன்னலுக்கு அடிச்சிக்கிட்டு ஓடுவா. கேக்குற காதுப் பக்கம் நான் உக்காரணும்னுதான் நான் விட்டுக் குடுத்தது. இவ என்னமோ ஜெயிச்சுட்டதா நெனச்சுக்கிடுவா. ஒரு நாள் என்னாச்சு தெரியுமா, சூப்பர்வைசர் இவ பின்னால வந்து நின்னு..."

அவள் உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு, வாசலில் இருந்து வளவுக்கே ஒப்பிக்கிற அதே குரலில் ஆரம்பித்துவிட்டாள். மகன் எழுந்து வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தான். அவன் கண் அவள் வாயை விட்டு நகரவில்லை. சின்னப் பிள்ளையில் அந்த வாசலில் எப்படி உட்கார்ந்து கேட்பானோ அப்படியே. அவள் என்னென்ன எனக்கு விட்டுக்கொடுத்தாள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் காதும் அவள் கதையாகப் போகிறது என்பதுதான் தோன்றியது.

"ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு" என்றேன். "அது எங் காது. நான் சொல்லுதேன்."