பதினேழாவது தீமிதி

என் அப்பா பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். பனிமலையில் காவல் இருந்த ஒரு குளிர்காலத்தில் இரண்டு பாதமும் மரத்துப்போய்விட்டன. விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அன்றைக்கு எங்கள் ஊர் திரௌபதியம்மனை நினைத்து வேண்டிக்கொண்டார். கால் பிழைத்தால், பட்டாளத்தில் எத்தனை வருஷம் இருக்கிறேனோ அத்தனை வருஷம் உன் தீயை மிதிக்கிறேன் என்று. கால் பிழைத்தது.

பென்ஷனோடு ஊருக்கு வந்தவர் ஒன்றரை ஏக்கர் நிலத்தில் இறங்கினார். கிணற்றுப் பாய்ச்சலில் நெல்லும் மரவள்ளியும். மரவள்ளிக் குச்சி நடுவதற்குக்கூட கயிறு பிடிப்பார். வரிசை கோணினால் பிடுங்கி மறுபடி நடச் சொல்வார். ஆள்கள் சிரிப்பார்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் திருநீறு பூசிக்கொண்டு கோயில் இருக்கும் திக்கைப் பார்த்து நிற்பார். கும்பிடுவாரா சல்யூட் அடிப்பாரா என்று சொல்ல முடியாது. ஊரில் அவருக்குப் பெயரே மிலிட்டரிதான்.

ஒவ்வொரு வைகாசியும் தீமிதி. பத்து நாள் முன்னால் கையில் மஞ்சள் காப்பு கட்டுவார்கள். கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பிள்ளை பெற்ற இடத்துக்கும் சாவு வீட்டுக்கும் போகக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் வெங்காயம் சேராத வீட்டுச் சாப்பாடு. அப்பா இதில் மயிரிழை தவற மாட்டார். பதினாறு வருஷம் முடித்தார்.

பதினேழாவது வருஷம் நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா காப்புக் கட்டிய ஆறாம் நாள் எனக்கு வலி எடுத்தது. அம்மாவும் என் வீட்டுக்காரரும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அப்பா ஊரிலேயே இருந்துவிட்டார். பெண் குழந்தை பிறந்தது. ஆனால் எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் பி நெகட்டிவ், கைவசம் ஒரு பாட்டில்தான் இருக்கிறது, உடனே ஆள் கொண்டுவாருங்கள் என்றார்கள். எங்கள் சொந்தத்தில் தன் ரத்தம் என்ன வகை என்று தெரிந்த ஆள் அப்பா ஒருவர்தான். பட்டாளத்தில் கழுத்துத் தகட்டில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அதுவும் பி நெகட்டிவ்.

அம்மா போன் போட்டாள். "இந்தா, பொண்ணுக்கு ரத்தம் வேணுமாம். உன்னுதுதான் சேருமாம்" என்று மட்டும் சொன்னாளாம். அப்பா உடனே போனை வைத்துவிட்டாராம். முக்கால் மணி நேரத்தில் மொபெட்டில் வந்து நின்றார், கையில் காப்போடு.

இதெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் நினைவில்லாமல் கிடந்தேன்.

நர்ஸ் அப்பாவின் கையைப் பார்த்திருக்கிறார். "காப்பு கட்டிக்கினு இருக்கீங்க. சாப்டீங்களா?"

"ஒரு வேளதாம்மா. பொழுது சாஞ்சப்புறம்தான்."

"வெறும் வயித்துல ரத்தம் எடுக்க மாட்டோங்க. எதிர்ல கடை இருக்குது, போய் நாலு இட்லி சாப்ட்டு வாங்க."

அப்பா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாராம். "மாப்ள, நம்ம ஊரு எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். இவர் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் திரும்பி, "ஆத்தா, உத்தரவு கேக்க நேரமில்ல. வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். சாம்பாரில் வெங்காயம் கிடக்கும் என்று சர்க்கரை தொட்டு மூன்று இட்லி சாப்பிட்டார். அம்மா பின்னால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எல்லையும் தாண்டியாச்சி, ஓட்டல்லயும் துன்னாச்சி. வெங்காயம் ஒண்ணுதான் இந்த ஆளுக்கு ஆவாது!"

அந்த ரத்தம்தான் மத்தியானம் எனக்கு ஏறியது. நான் பிழைத்தேன்.

அப்பா நேராகக் கோயிலுக்குப் போனார். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று தர்மகர்த்தாவைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாராம்.

"மிலிட்டரி, புள்ள பெத்த எடத்துக்குப் போய் வந்துட்டு குண்டத்துல எறங்க முடியுமாய்யா?" என்று அவர் கேட்டார்.

"முடியாதுங்க."

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

"வெச்சிக்க இன்னாங்க இருக்குது? உத்தரவில்லாம போனேன். தண்டன உண்டு இல்ல?"

காப்பை அறுத்துவிட்டார்கள். அந்த வருஷம் தீயில் இறங்காமல், மிதித்து வருகிறவர்கள் கால் வைக்கும் தண்ணீர்க் குழிக்கு எங்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

இதைக் கேட்டபோது அப்பாவிடம் அழுதுவிட்டேன். "என்னாலதானேப்பா பதினாறோட நின்னு போச்சி."

"எவன் சொன்னது? பதினேழு முடிஞ்சிடுச்சி" என்றார் அப்பா. "ரத்தம் குடுத்தேன் இல்ல? அத ஆத்தா எடுத்துக்கினா."

அடுத்த வருஷம் தர்மகர்த்தாவே கூப்பிட்டும் அப்பா காப்புக் கட்டவில்லை. தண்ணீர் ஊற்றுவதோடு சரி. மிலிட்டரிக்கு ஒண்ணு பாக்கி என்று ஊரில் சொல்வார்கள். அப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

கடைசி மூன்று வருஷம் சர்க்கரை வியாதியால் அப்பாவின் காலில் புண் வந்து ஆறவில்லை. இரண்டு விரலை எடுத்தார்கள். உடனே ஊர் பேசியது. அம்மன் கொடுத்த காலை அம்மனே எடுத்துக்கொள்கிறாள் என்றார்கள். நானும் சாமிக்குப் பயந்தவள்தான். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா மட்டும் கட்டுப்போட்ட காலோடு மொபெட்டில் தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு போய் வந்தார். போன மார்கழியில் இறந்தார்.

கருமாதி முடிந்ததும் அம்மா, "ஒண்ணு பாக்கி வெச்சிட்டுப் பூட்டாரே. நீ முடிச்சிடுடி" என்றாள். செய்தால் அப்பா சொன்னது பொய் என்றாகிவிடும். செய்யாவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் வராது. எனக்கும்தான் வராது. வைகாசி வரைக்கும் யோசித்தேன்.

பிறகு ஊருக்குப் போய்க் காப்புக்கு வரிசையில் நின்றேன். அதே தர்மகர்த்தாதான், இப்போது கண் சரியாகத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பன் பாக்கியா, தாயி?" என்றார். பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

"இல்லீங்க. அப்பாது பதினேழும் அன்னிக்கே முடிஞ்சிடுச்சி. நானும் எம் பொண்ணும் பொழச்சிக் கெடக்கிறோமே, அதுக்கு இது. எனக்கு மொத வருஷம்."

அவர் காப்புக் கயிற்றைத் தடவி எடுத்தார். பிறகு, "சரி" என்று கட்டிவிட்டார்.

பத்து நாள் எல்லை தாண்டவில்லை. தீமிதி அன்று கல்வராயன் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது, ஆனால் மழை இறங்கவில்லை. குண்டத்தைத் தாண்டித் தண்ணீர்க் குழியில் கால் வைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர். என் வீட்டுக்காரர் காலையில் மொபெட்டில் கொண்டுவந்து ஊற்றியது.

அம்மா அப்புறம் பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. "கால் எரியுதாடி?" என்று கேட்டாள். கொஞ்சம் எரிகிறது என்றேன். மஞ்சள் அரைக்க உள்ளே போனாள்.