ஓடிப்போன பாட்டனாரின் மீசை

முதுகுளத்தூர் மிளகாய்க் கடையில் வேலை போய்விட்டது. பஸ்ஸுக்குக் காசில்லாமல் ராமநாதபுரம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு குலசாமி கோயில் சுவரில் ஓவிய டீச்சர் ஒருவர் படம் வரைந்துகொண்டிருந்தார். தூரிகையை முழங்கையில் துடைத்துத் துடைத்து, அவர் கையே ஒரு படம்போல இருந்தது.

ராமநாதபுரம் அரண்மனைச் சுவரில் பார்த்த போர்க்காட்சிக்குள் தன் குடும்பக் கதையை வரைகிறாராம். குதிரைகள், ஈட்டிகள், நடுவே சண்டையை விட்டு ஓடும், அவர் வம்சத்துப் பழைய பாட்டனார்.

டீச்சரின் சித்தப்பா வந்து கத்தினார். "நம்ம பாட்டனாரையா ஓடவிட்ட? சாமி கும்பிடுற இடம் தாயி! சுண்ணாம்பு அடிச்சிருவேன்."

"நடந்ததத்தான வரையிறேன்? அவரு ஓடலேனா நீங்க ஏது சித்தப்பா, நான் ஏது?"

சித்தப்பா சுவரருகே போய்ப் பாட்டனாரின் முகத்தை உற்றுப் பார்த்தார். "சரி, மீசையவாச்சும் பெருசா வையி."

அவர் போனதும் டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஓடுற காலு மட்டும் வரைய வரமாட்டேங்குது. அரண்மனைப் படத்துல எல்லாரும் முன்னால பாயுறாக, ஒருத்தரும் திரும்பி ஓடல. நாளைக்கு ஓடிக் காட்டுறீகளா? சோறு போடுறேன்."

குலசாமி சுவரில் ஓடியவரை வரைய டீச்சருக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, எனக்கு இன்றும் பிடிபடவில்லை. மறுநாள் காலை கண்மாய்க் கரையில், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவருக்காக ஓடினேன்.