ஓடைக்கு இந்தப் பக்கம்

தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே, அடுத்த மாநிலத்துப் பாலசமுத்திரம் அருகே ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுதப் போயிருந்தேன். வடக்கே மலை, தெற்கே ஓடை. ஓடையைத் தாண்டினால் தமிழ்நாடு. இவர்களுடைய இடுகாடும் அங்கேதான். நான் போன அன்று கன்னியப்பன் இறந்து கிடந்தார். ஓடையிலோ வெள்ளம் வடியவில்லை.

"நம்ம கொல்லியிலயே பொதைச்சிடலாம்" என்றாள் அவர் மனைவி முனியம்மா, வேர்க்கடலை போட்டிருந்த தங்கள் நிலத்தைக் காட்டி.

கொழுந்தன் கத்தினார்: "கீறதே அரை ஏக்கரா. அதுல பொணத்த வெச்சிக்கினு இன்னாத்த துன்னுவ அண்ணி?"

"ஊரான் நெலத்தையே உழுதுக்கினு கெடந்த மனுசன்டா. இப்பனாச்சும் சொந்த மண்ணுல படுக்கட்டும்."

குழி வெட்ட இடம் வேண்டுமென்று நானும் வேர்க்கடலைச் செடிகளைப் பிடுங்கினேன். எல்லாம் முற்றாத பிஞ்சுகள். முனியம்மா அழுதுகொண்டே அவற்றை மண் உதறி மடியில் கட்டிக்கொண்டாள்.

அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், மலையையும் ஓடையையும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நகக்கண்ணில் ஏறிய அந்த ஈரமண்தான் நினைவுக்கு வருகிறது.