அப்பாவின் படத்துக்கு நான் போட்ட மாலை

அப்பா உயிரோடு இருக்கும்போதே அவர் படத்துக்கு மாலை போட்டவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. இதைச் சொல்லி அம்மா இன்றுவரை என்னைக் கேலி செய்கிறார். கோபம் வந்தால் இதையே சொல்லித் திட்டவும் செய்கிறார். ஏன் போட்டாய் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன்.

அப்பா ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் மாசாயில் மோட்டார்சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஓடுகிற மோட்டார்கள் எல்லாம் இன்றில்லாவிட்டால் நாளை அங்கே வந்து சேரும். அப்பா ஒரு மோட்டார் பக்கத்தில் குந்திவிட்டால் வேலை முடிகிறவரை தலை நிமிர மாட்டார். வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தே பேசி அனுப்பிவிடுவார். "உங்கப்பாவுக்கு மாசாயில எல்லாரோட செருப்பும் தெரியும், மூஞ்சிதான் ஒன்னும் தெரியாது" என்பார் அம்மா.

அப்படித் தெரிந்த செருப்புகளில் ஒன்று ஒரு சீன அண்ணனுடையது. அறுந்த சங்கிலியோடு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தவர், கழுத்தில் தொங்கிய கேமராவில் அப்பா வேலை செய்வதைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தாராம். அதற்குப் பிறகு சங்கிலி அறுகாமலேயே வர ஆரம்பித்தார். சில மாதம் கழித்து ஓர் அழைப்பு அட்டையை நீட்டினார். ஜொகூர் பாருவில் ஒரு சின்ன கேலரியில் அவர் எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள், அங்கிள் படமும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வர வேண்டும் என்றார்.

"உள்ள போக டிக்கெட்டா?" என்று அம்மா கேட்டார்.

"டிக்கெட் இல்லையாம்லா. புடிச்சிருந்தா படத்த வெல கொடுத்து வாங்கிக்கலாமாம்."

"உங்க படத்த எவன் வாங்குவான்?"

"அதத்தான் நானும் அவன்கிட்ட கேட்டேன்" என்றார் அப்பா.

இருந்தாலும் அம்மா பட்டுச்சேலை கட்டினார். நம்மை மதித்துக் கூப்பிட்டவனுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று கனமான மாலை ஒன்றும் கட்டச் சொல்லி வாங்கினார். அக்கா மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கிறது என்றாள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பினாங்கில் பல்கலைக்கழக இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதம் சாமி மேடையில் முருகன் காலடியில் இருந்தது.

கேலரி ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. சுவரெல்லாம் வெள்ளை, ஒரு சுவருக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே என்று அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. வந்தவர்கள் கையில் கண்ணாடிக் கோப்பையோடு, ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அம்மா நேராகப் போய் சீன அண்ணன் கழுத்தில் மாலையைப் போட்டார். அவர் சிவந்துபோய்க் கும்பிட்டார். கொஞ்ச நேரம் போட்டிருந்துவிட்டு, கழற்றிப் பக்கத்து மேசையில் பத்திரமாக வைத்தார்.

அப்பாவின் படம் கோடிச் சுவரில் இருந்தது. கிட்டத்தட்ட என் உயரம். ஒரு மோட்டாருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, கையில் சங்கிலியோடு, வழக்கம்போலத் தலையைக் குனிந்திருந்தார். "சட்டையாவது மாத்திட்டு உக்காந்திருக்கலாம்" என்றார் அம்மா. பிறகு கீழே ஒட்டியிருந்த அட்டையைப் படித்து, சங்கிலி என்று போட்டிருக்கிறான், உங்க பேரைப் போடவில்லையே என்று குறைப்பட்டார். அப்பா தூரத்தில் நின்றே ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூச்சத்தோடு அடுத்த அறைக்கு நழுவினார். அம்மாவும் பின்னால் போனார்.

நான் மட்டும் நின்றேன். படத்தின் வலது ஓரத்தில் அந்த மோட்டாரின் சைடு கண்ணாடி தெரிந்தது. படம் பெரிதாக இருந்ததால் கண்ணாடி ஒரு சாசர் அளவு இருந்தது. அதில், கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் பஸ் நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் மஞ்சள் பையோடு எங்கள் அக்கா. அவள் பக்கத்தில் சுருட்டை முடியோடு ஓர் ஆள். அவன் கையில் ஒரு பாக்கெட் ஐஸ் தேநீர். அதில் இரண்டு ஸ்ட்ரா.

அப்பாவின் கடைக்கு எதிரிலேயே நிற்க அக்காவுக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்று யோசித்தேன். பதில் உடனே தெரிந்தது. அப்பா தலை நிமிர மாட்டார் என்பது அவளுக்கும் தெரியும்.

ஆறு மாதத்துக்கு முன்னால்தான் எங்கள் ஃபிளாட்டில் கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி யாரோடோ பழகுகிறாள் என்று பெரிய ரகளை நடந்தது. அன்றைக்கு அப்பா சாப்பாட்டு மேசையைத் தட்டி, "நம்ம வீட்டுல இப்படி ஒன்னு நடந்தா மறுநாளே படிப்ப நிறுத்திருவேன்" என்று சொன்னார். அப்பா மேசையைத் தட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இப்போது முருகன் காலடிக் கடிதத்தை அப்பா கிழிப்பது எனக்குக் கண்முன்னே தெரிந்தது.

நான் போய்ப் படத்தோடு ஒட்டி நின்றுகொண்டேன். என் தலை சரியாகக் கண்ணாடியை மறைத்தது. பார்க்க வந்தவர்கள் "அடிக், தெப்பி சிக்கிட்" என்று தள்ளி நிற்கச் சொன்னார்கள். எனக்கு மலாய் தெரியாததுபோல விழித்தேன். பள்ளியில் மலாய்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். கேலரி முதலாளியம்மா வந்து கறிபஃப் கொடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். அதற்கும் நகரவில்லை. ஆனால் குளிருக்கும் பயத்துக்கும் சேர்த்து எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது. ஒரு காலை மாற்றி ஒரு கால் நின்று பார்த்தேன். இனி முடியாது என்றபோதுதான் மேசையில் கிடந்த மாலை கண்ணில் பட்டது.

ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினேன். மாலையைச் சட்டத்தின் வலது மூலையில் மாட்டினேன். அது சரிந்து தொங்கி, கண்ணாடியை அப்படியே மூடிக்கொண்டது. அக்கா தப்பித்தாள் என்று கழிவறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அம்மா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. முக்காலியையும் என்னையும் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. "அடிப்பாவி, உங்கப்பா குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. அவரு படத்துக்கு மாலை போட்டுட்டியேடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு காதைத் திருகினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் மாலை போட்டிருந்த படங்களில் இருந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அக்காவைக் காப்பாற்றப் போய் அப்பாவைக் கொன்றுவிட்டேனா என்று சத்தமே வராமல் அழுதேன்.

அப்பா வந்தார். மாலையைக் கழற்றினார். கண்ணாடி வெளியே தெரிந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இதுக்குப் போயி புள்ளய ஏன் திருகுற? உசுரோட இருக்கிறவன் கழுத்துல போட்டா சரியாப் போச்சு" என்று அப்பா சொல்வது கேட்டது. கண்ணைத் திறந்தால், மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி படத்தின் வலது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் தோள் கண்ணாடியை முழுசாக மறைத்திருந்தது. எனக்கு முருகன் மேல் நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

அப்புறம் அப்பா அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. வந்தவர்களெல்லாம் மாலை போட்ட மெக்கானிக்கோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. நாலு பேர் மதிக்கிறார்கள் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை என்று அம்மா என்னிடமே சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தம்பதி அந்தப் படத்தை வாங்கினார்கள். விற்றதற்கு அடையாளமாக முதலாளியம்மா அட்டையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒன்றை ஒட்டினார். ஆனாலும் கண்காட்சி முடிகிறவரை படம் அங்கேதான் இருக்கும் என்றதும், அடுத்த வாரம் அத்தை குடும்பத்தையும் கூட்டிவரப் போவதாக அம்மா ஆரம்பித்தார். "ஒரு தடவ பாத்தது போதும், பெட்ரோல் என்ன சும்மாவா வருது?" என்று அப்பா வெட்டிவிட்டார். கிளம்பும்போது சீன அண்ணனைத் தனியே கூப்பிட்டு, கையால் எதையோ வெட்டுவதுபோலக் காட்டி ஏதோ சொன்னார். ஏதோ சங்கிலி விஷயம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "ரெண்டு மணி நேரம் யாரு உங்கள நிக்கச் சொன்னா?" என்று அம்மா திட்டினார். எனக்கோ, மாலை தன் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று பயம். தைலத்தை எடுத்துக்கொண்டு போய் நானே தேய்த்துவிட்டேன். என் கண்ணீரும் தைலத்தோடு சேர்ந்து விழுந்தது. "அழாதம்மா, அப்பாவுக்கு ஒன்னும் ஆவாது" என்றார் அப்பா. நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் அவர் இருமினால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா பினாங்குக்குப் போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டது அப்பாதான். சீன அண்ணன் அப்பாவுக்கென்று அந்தப் படத்தைச் சின்னதாகப் பிரதி போட்டுக் கொடுத்தார். ஹாலில் மாட்டினோம். அதில் அப்பா இருந்தார், சங்கிலி இருந்தது, மோட்டார் பாதி இருந்தது. கண்ணாடி இல்லை. சட்டத்துக்கு அடங்காமல் வெட்டியிருப்பார்கள் என்று நினைத்து, பெரிய பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டேன். அப்பாவிடமிருந்து அக்காவைக் காப்பாற்றியது நான்தான் என்ற பெருமை எனக்குப் பல வருஷம் இருந்தது.

ஏழு வருஷம் கழித்து, கல்யாணப் பேச்சுக்காக அக்கா ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். கூட வேலை செய்கிறவர் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள். முன்நெற்றி வழுக்கை விழுந்திருந்தது. யார் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்போ முடி நல்லா சுருட்டையா இருந்துச்சே, தம்பி" என்றார்.

அக்கா தேநீர்த் தட்டை நீட்டாமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டாள். எந்த பஸ் ஸ்டாப்பு என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஹாலில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்தே இருந்தார். ஆனால் அந்தக் கடையில் அவரைச் சுற்றி எப்போதும் பத்து மோட்டாராவது நிற்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணாடி இருக்கும். பத்து வயதில் அதை நான் யோசிக்கவே இல்லை.