பின்சீட்டு மீட்டர்

என் அண்ணன் அமீருதீனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றால் பழவேற்காட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கருவாட்டு வியாபாரி, கடைத்தெருவில் நாலு பேர் சலாம் சொல்லும் ஆள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலில். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மனுஷன் இரண்டாவது கியருக்கு மேலே போகமாட்டார். மூன்றாவது போட்டால் வண்டி கையை விட்டு ஓடிவிடும் என்று பயம். பயம் என்று வாய்விட்டுச் சொன்னால் ஆம்பளை கௌரவம் என்னாவது? அதனால், ரெண்டே போதும், ரோடு சரியில்லை என்பார். பொன்னேரி போய்ச் சேருகிறவரைக்கும் அந்தப் பழைய ஆஸ்டின் கார் பிரசவ வலி கண்டதுபோல் கத்திக்கொண்டே போகும்.

அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு பின்சீட்டில் திரைக்குள்ளே நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். ஒருத்தி நான், குல்சும். என் வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்ததால் எனக்கு அண்ணன் வீட்டில் வாசம். இன்னொருத்தி அண்ணன் மனைவி ஹாஜிரா. என்னைவிடச் சின்னவள், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இந்தக் கதை அவளுடையது.

ஐம்பத்தாறாம் வருஷம் என்று நினைவு. அதற்குள் இரண்டு தடவை இன்ஜினைப் பிரித்துப் போட்டாயிற்று. ஓட்டியவரைக் குற்றம் சொல்வதற்கு ஆள் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி, வண்டிக்கு ராசியில்லை என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை படுத்தால் கவரைப்பேட்டை நெல் மில்லுக்காரர் தணிகாசலத்துக்குத் தள்ளிவிடப் போவதாகவும் சொன்னார். அந்த மனுஷனும் காரைப் பார்க்கும்போதெல்லாம் மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

கார் போனால் போகட்டும் என்று ஹாஜிராவால் இருக்க முடியாது. அது அவளுடைய வாப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த வண்டி. அவர் போய்ச் சேர்ந்த பிறகு மீஞ்சூரில் அவள் உம்மா தனியாக இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அந்தக் காரில் ஏறி மீஞ்சூர் போவோம். எங்கள் வீட்டுப் பெண்கள் பஸ்ஸில் ஏறுகிற வழக்கம் அன்றைக்கு இல்லை. கார் இல்லாவிட்டால் உம்மா இல்லை, அவ்வளவுதான் கணக்கு. போய்க் கொஞ்சிக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். வாசற்படியில் ஆரம்பிக்கும் சண்டை, நாங்கள் கிளம்பும்வரை நடக்கும். அந்தச் சண்டை இல்லாத வாரம் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

ஹாஜிராவின் வாப்பா ஏரியில் மோட்டார் லாஞ்சுப் படகு வைத்திருந்தவர். சின்ன வயதில் இன்ஜின் பெட்டி மேலேயே உட்கார்ந்து வளர்ந்தவள் அவள். இன்ஜின் சத்தம் ஏறினால் பல் வலிப்பவள்போல் முகத்தைச் சுளிப்பாள். ஒருநாள் பொறுக்காமல், கியரை மாற்றச் சொல்லித் திரைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"தெரைக்குள்ள குந்திக்கினு உனக்கு இன்னா தெரியும்?" என்றார் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ அடுத்த வாரமே கும்மிடிப்பூண்டி மெக்கானிக் துளசிராமனுக்கு ஆள் அனுப்பினாள். வாப்பாவின் லாஞ்சில் இருந்ததுபோல, இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று முள் காட்டுகிற மீட்டர் காருக்கும் கிடைக்குமா என்று கேட்டாள். ஆர்.பி.எம். மீட்டர் என்று பெயர், சென்னை மூர் மார்க்கெட்டில் பழசு கிடைக்கும் என்றான் அவன்.

அண்ணன் சென்னைக் கொத்தவால் சாவடிக்குச் சரக்கு விஷயமாகப் போன நாளில் நாங்களும், வழியில் வண்டி படுத்தால் பார்க்க என்று துளசிராமனும் காரிலேயே கூடப் போனோம். அண்ணன் இறங்கி வியாபாரத்துக்குப் போனதும், துளசிராமன் வண்டியை மூர் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். ஹாஜிரா இறங்கவில்லை. கடைக்காரர் மீட்டர்களைத் தாம்பாளத்தில் வைத்து, வளையல் விற்பவர்போல் திரை இடுக்கில் நீட்டினார். முதலாவது ஆகாய விமானத்து மீட்டர், சோற்றுத் தட்டு அகலம். "இதை மாட்டினா உங்கண்ணன் பறக்கப் பார்ப்பாரு" என்று என் காதில் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது புதுசு, வெள்ளி விளிம்பு, அழகு கண்ணைப் பறித்தது. எனக்கு அதுதான் பிடித்தது. அவள் அதைத் திருப்பி, பின்னால் இருந்த சின்னத் தண்டில் நூலைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தாள். முள் ஏறியது, ஏறிய முள் பாதியிலேயே நின்றுவிட்டது. இறங்கத் தெரியாத முள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது ஏதோ லாஞ்சிலிருந்து கழற்றியது, துருப்பிடித்த விளிம்பு, மங்கிய கண்ணாடி. நூலை இழுத்தால் முள் ஏறியது, விட்டால் நல்ல பிள்ளையாகப் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதையே எடுத்தாள். வெள்ளி விளிம்பைத் துடைத்துத் துடைத்துக் காட்டிய கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போனது.

மாட்டுகிற இடத்தில்தான் துளசிராமன் சண்டைக்கு வந்தான். மீட்டர் டிரைவர் எதிரில்தானே இருக்கவேண்டும்? ஹாஜிரா கேட்ட இடம் டிரைவர் சீட்டின் முதுகு, பின்சீட்டில் உட்கார்ந்தவள் கண்ணுக்கு நேரே. தலையில் அடித்துக்கொண்டு செய்தான். இன்ஜின் பக்கத்து டைனமோவின் பின்புறத்தில் கேபிளைக் கோத்து, எங்கேயும் ஒடியாமல் வளைத்து, காலடிப் பலகைக்குக் கீழே இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தான். ஒரு கேபிள் எட்டாமல் இரண்டை இணைத்தான். டைனமோ வேறு வேகத்தில் சுற்றுவதால் நம்பர் தப்பாகக் காட்டும் என்று ரொம்ப வருத்தப்பட்டான். அவளுக்கு நம்பர் தேவையே இல்லை. இன்ஜின் அழ ஆரம்பிக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். உடைந்த சிவப்பு வளையல் துண்டு ஒன்றைக் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒட்டினாள்.

தன் முதுகுக்குப் பின்னால் ஏதோ முளைத்திருப்பதை அண்ணன் பார்த்துவிட்டு, இது இன்னாத்துக்கு என்று குதித்தார்.

"ரோட்டைத்தான் பாக்கக்கூடாது. முள்ளையாவது பாத்துக்கினு வரேனே" என்றாள் ஹாஜிரா.

அண்ணன் சிரித்துவிட்டுப் போனார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை முள் சிவப்பு வளையலைத் தொட்டதும், அவள் விசிறிக் காம்பால் சீட்டு முதுகில் 'லொட்' என்று ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு தட்டு என்றால் மேல் கியர், இரண்டு தட்டு என்றால் கீழ் கியர். முதலில் அண்ணன் முறைத்தார். பிறகு தட்டல் தொல்லை தாங்காமல் ஆண்டவனை நினைத்துக்கொண்டு மூன்றாவதைப் போட்டார். வண்டி எங்கேயும் ஓடிப்போகவில்லை. கத்தல் அடங்கியது. நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்டது. கொஞ்ச நாளில் டாப் கியர் வரைக்கும் போகப் பழகிவிட்டார், ஆனால் தட்டினால்தான் போடுவார். கடைத்தெருவில் மட்டும், வண்டி ஓட்டுகிற சூட்சுமத்தைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.

விட்டது தப்பு. பெருமை தணிகாசலம் காதுக்கும் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மீஞ்சூருக்குக் கிளம்பினால், அண்ணன் பொன்னேரியிலிருந்து கவரைப்பேட்டைக்குத் திருப்பினார். மில் வாசலில் தணிகாசலம் வெள்ளை வேட்டியும் பன்னீர் வாசனையுமாக வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நன்றாக ஓடும்போதே தள்ளினால் நல்ல விலை வருமென்று, ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுவதாக ஏற்பாடாம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, படுபாவி. ஹாஜிரா என் கையைப் பிடித்தாள்.

கல்கத்தா ரோட்டில் எளாவூர்ப் பக்கம் வண்டி ஓடியது. முள் வளையலைத் தொட்டபோதெல்லாம் அவள் தட்டினாள். தட்டாமல் இருக்க அவளால் முடியவில்லை. இன்ஜின் அழுதால் இவளுக்கு வலிக்கிறதே. தணிகாசலம் பேச்சு சுவாரசியத்தில் சத்தத்தைக் கவனிக்கவில்லை.

"வெண்ணெயாட்டம் போவுது பாய். நாளைக்கே எட்த்துக்கிறேன்" என்றார்.

அவள் நல்லபடி காப்பாற்றிய வண்டியை அதனாலேயே பிடுங்கப் பார்த்தார்கள். எனக்கு அந்த விசிறியைப் பிடுங்கி இரண்டு மண்டையிலும் போடலாம்போல் இருந்தது. எளாவூரில் வண்டியைத் திருப்பி மறுபடி வேகம் எடுத்தபோது, 'லொட்'. தணிகாசலம் பேச்சை நிறுத்தினார்.

"அது இன்னா பாய் சத்தம்?"

அண்ணனின் காது சிவப்பது திரை இடுக்கு வழியாகவே தெரிந்தது. உண்மையைச் சொன்னால், பாய் பெண்டாட்டியின் விசிறிக் காம்புக்குக் கார் ஓட்டுகிறார் என்று கும்மிடிப்பூண்டி வரைக்கும் சிரிப்பார்கள்.

"அது ரொம்ப நாளா கீது நைனா. மெக்கானிக்கு கய்ட்டி பாத்தான். எங்க இருந்து வருதுன்னே தெரியல."

ஹாஜிரா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள். மேட்டில் ஒரு தட்டு, பள்ளத்தில் மூன்று, பிரேக் போட்டால் நாலு, சும்மா போனால் சும்மா ஒன்று. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தணிகாசலம் தலையை வெளியே நீட்டிச் சக்கரத்தைக் கேட்டார், குனிந்து காலடியைக் கேட்டார். கியர் பெட்டி போய்விட்டது, இன்னும் பத்து மைல் தாங்காது என்று கவரைப்பேட்டையில் இறங்கும்போது வைத்தியர் கணக்காகச் சொன்னார். டீ சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை.

மீஞ்சூர்ப் பக்கம் கிளம்பினோம். ஒன்று, இரண்டு. இரண்டாவது கியரிலேயே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜிரா விசிறியை மடியில் வைத்துக்கொண்டாள். முள் சிவப்பு வளையலைத் தாண்டியது. இன்ஜின் கத்தியது. அண்ணன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். அங்கே திரைதான் தெரியும்.

"தட்டு" என்றார்.

அவள் தட்டவில்லை.

"ஹாஜிரா, தட்டேன். இஞ்சின் பூடும்."

"விக்க மாட்டேன்னு சொல்லுங்க."

ஒரு லாரி எங்களை முந்திக்கொண்டு போனது. அவள் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கத்தல் அவருக்கு வலித்ததைவிட அவளுக்குத்தான் அதிகம் வலித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அவளே தோற்றிருப்பாள்.

"விக்க மாட்டேன்" என்றார் அண்ணன். அதோடு விடாமல், "உன் வண்டி. உன்னைக் கேக்காம எட்த்துக்கினு வந்தது தப்புதான்" என்றார்.

லொட்.

மூன்றாவது விழுந்தது. முள் இறங்கி வளையலுக்குக் கீழே வந்து நின்றது. மீஞ்சூரில் உம்மா வாசலிலேயே, ஏன் இவ்வளவு நேரம் என்று சண்டையை ஆரம்பிக்க, ஹாஜிரா ஒரு வார்த்தை விடாமல் பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அவள் மறந்துவிட்ட விசிறியை எடுக்க நான் காருக்குத் திரும்பி வந்தேன். அண்ணன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, தோள் துண்டின் நுனியால் அந்த மீட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், வளையல் துண்டு பெயர்ந்துவிடாமல்.