தூத்துக்குடி டிக்கெட்டும் கோடிச் சேலையும்

தி.நகரில் ஒரு டிராவல்ஸில் நெடுங்காலம் டிக்கெட் போட்டவள் நான். பிளைட்டில் எவ்வளவு நேரம் என்று கேட்காத ஆளே கிடையாது. இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஸ்கிரீனைப் பார்த்து டக்கென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஸ்கிரீனில் இருப்பது விமானம் பறக்கிற நேரம். ஆள் போய்ச் சேருகிற நேரம் வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை, ஷட்டரைத் தூக்கியதும் முருகேசன் வந்து நின்றார். எதிரே இருந்த ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் சேல்ஸ்மேன். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். அங்கேயே கட்டிக்கொடுத்திருந்த அவருடைய ஒரே அக்கா அன்று விடியற்காலை இறந்துவிட்டார்.

சாவு வீட்டு டிக்கெட் என்றால் நான் முதலில் தேதி கேட்பதில்லை. "எப்ப எடுக்கறாங்க?" என்றுதான் கேட்பேன்.

"மூணு மணிக்கு. நாளைக்கு சனி, வச்சிருக்க மாட்டாங்க மேடம். பொறந்த வீட்டுக் கோடிச் சேலை நான்தான் போடணும். வரலேன்னா பங்காளி வீட்ல யாராச்சும் போட்டுருவாங்களாம்."

மதுரைக்குப் பதினொன்றரைக்கு ஒரு ஜெட் இருந்தது. தூத்துக்குடிக்குப் பன்னிரண்டு மணிக்கு, இறக்கையில் காத்தாடி சுற்றுகிற சின்ன விமானம். பறக்கிற நேரமும் அதற்குத்தான் அதிகம். முருகேசன் மதுரையைத்தான் கேட்டார். எங்கள் முதலாளியும், "அதான் முன்னாடி போவுதே, போட்டுக் குடும்மா. இன்னா யோசிச்சிக்கினு கீற?" என்றார்.

நான் போடவில்லை. மதுரையில் இறங்கினால் ரோட்டில் மூன்றரை மணி நேரம் போகவேண்டும். தூத்துக்குடியிலிருந்து ஒரு மணி நேரம்தான். பின்னால் கிளம்பி மெதுவாகப் போகிற விமானம்தான் முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று சொன்னேன். முருகேசன் தலையாட்டினார். நம்பித்தான் ஆட்டினாரா, வாதாடத் தெம்பில்லையா, தெரியாது. தூத்துக்குடியில் எங்களுக்கு வழக்கமாகக் கார் ஓட்டும் அந்தோணியை ஏர்போர்ட்டில் நிற்கச் சொன்னேன்.

விமானத்தில் ஏறுகிற நேரத்தில் முருகேசனிடமிருந்து போன். ஒரே அழுகை. பிளைட் லேட்டோ என்று நினைத்தேன்.

"மேடம், கோடி எடுக்கலை. நாள் பூரா சேலைக்குள்ளயே நிக்கேன். எங்கக்காவுக்கு ஒண்ணு எடுக்க மறந்துட்டேன்."

இறங்கியபின் கடை தேடிப் போனால், கையிலிருக்கிற கொஞ்ச நேரமும் போய்விடும். என்ன கலர் என்று மட்டும் கேட்டேன்.

"மாம்பழக் கலர், அரக்கு பார்டர். தீபாவளிக்குத் தீபாவளி கேப்பா. அடுத்த வருசம் பாப்போம்னு சொல்லிருவேன்."

உடனே அந்தோணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பாவம், அந்த மனுஷன் கடை கடையாக ஏறி இறங்கி, விமானம் வருவதற்குள் சேலையோடு நின்றிருக்கிறார்.

காரியமெல்லாம் முடிந்து முருகேசன் ஆபீசுக்கு வந்தார். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டாராம். கோடியை அவரே போட்டாராம். கலர் சரியாக இருந்ததா என்று கேட்டேன்.

"மாம்பழக் கலர்தான். பார்டர் பச்சையாப் போச்சு. நம்ம கடையா இருந்தா மாத்தியிருப்பேன் மேடம்."

அதன்பிறகு, கட்டிக்கொடுத்த பெண்ணின் சாவுக்குப் போகிற அண்ணன் தம்பிகள் யார் வந்தாலும், எப்போது எடுக்கிறார்கள் என்பதோடு கோடி எடுத்தாச்சா என்றும் கேட்பேன். இல்லையென்றால், நான் டிக்கெட் போடுவதற்குள் எதிர்க்கடைக்குப் போய்வரச் சொல்வேன். அங்கே முருகேசன் விலை சொல்ல மாட்டார். அவங்களுக்குப் பிடிச்ச கலர் எது என்றுதான் முதலில் கேட்பார்.