ஐந்தருவியில் நிற்காத பாட்டு

இரவில் கேட்டதை அச்சம் மிகைப்படுத்திவிடும். ஆதலால் நண்பர்கள் அனைவரும் ஒருசேர உறுதிசெய்தவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

ஐந்தருவிக்கு அருகே, சாரலில் நனையும் பந்தலில், சென்னை இளைஞர்கள் மின்கித்தாரும் டிரம்முமாக ஆங்கிலத் துள்ளிசையை முழக்குகிறார்கள். நாங்களும் கைதட்டிப் பாடுகிறோம். கோபாலன் மட்டும் குளிக்கப் போயிருக்கிறான். அப்போது எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி ஒருவர் மேடைக்கு ஓடிவருகிறார்.

"மேளத்த நிறுத்துங்கய்யா! அருவிச் சத்தம் கேட்டாத்தான தண்ணி ஏறுதான்னு தெரியும்!"

இசை நிற்கிறது. அருவியின் ஓசை தடித்திருக்கிறது. அதனூடே, நின்ற பாட்டின் அடுத்த அடியை ஒரு குரல் பாடுகிறது.

"எதிரொலி" என்கிறேன்.

"பாட்டு நின்ன பொறவு எதிரொலி எங்கேருந்துய்யா வரும்? குளிக்கப் போன உங்க கூட்டாளிதான் பாடுதாரு. ஓடுங்க!"

கோபாலனைக் கூவி அழைத்துக்கொண்டு ஓடுகிறோம். அவனோ ஈரத் துண்டுடன் எதிரே வருகிறான்.

"ஏன்டா கத்துறீங்க? நான்தான் கடைசியா கரையேறினேன். அங்கே ஒருத்தரும் இல்லையே."

அவன் பேசும்போதும் குரல் பாடுகிறது. டார்ச் ஒளியில் செந்நிற வெள்ளம் படிகளை மூடுகிறது. பாட்டு பாதி அடியில் அறுபடுகிறது.

விடியும்வரை தேடுகிறோம். விடுதிகளில் தங்கியவர்களில் எவரும் குறையவில்லை. பாடியவர் யார் என்பதும், கரையேறினாரா என்பதும் தெரியவில்லை.